ட்ரெம்பாத் சொல்லவேண்டிய ஆமென்

“கூரை கல்லு மாதிரி இருக்குக்கா. நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் அசையாது.”

டென்சில் ஏணியிலிருந்து இறங்கி, கையில் ஒட்டியிருந்த பாசியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“ஆனா, உளுத்துப்போச்சுன்னு சொல்லப்போறேன்.”

கெரென்சா போதகர் அணியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையை ஒரு விரலால் சரிசெய்துகொண்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

போர்த்கெல்லன் மெதடிஸ்ட் ஆலயத்துக்கு அவள் போதகராக வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அவளுடைய அப்பா ஹெட்லி நான்ஸும் இதே ஆலயத்தில் போதகராக இருந்தவர்தான். கிறிஸ்துமஸ் கேக்கில்கூட ஒரு சொட்டு பிராந்தி சேர்க்கவிடாத மனிதர். திருவிருந்து கொடுக்கும்போது அவர் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை ரசம் வெள்ளைத் துணியில் கொட்டிவிட்டது. “குடி” என்றார் சபை மூப்பர் கார்ஃபீல்ட் ட்ரெம்பாத். அந்த ஒரு சொல் மீன் சந்தையிலிருந்து மலை உச்சிப் பண்ணைகள் வரை போனது. அடுத்த மாதமே குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

எங்கேயோ தூரத்து ஊரில், இரண்டு வருடம் கழித்து, ஒரு டாக்டர் அந்த நடுக்கத்துக்குப் பேர் சொன்னார். நடுக்குவாதம். அதற்குள் அப்பா பிரசங்கம் செய்வதையே விட்டிருந்தார். ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். போர்த்கெல்லனிலிருந்து ஒரு ஆள்கூட அடக்கத்துக்கு வரவில்லை.

இப்போது ஆலயத்தின் தலைவிதி கூரையில் இருந்தது. சபையில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். கூரை நன்றாக இருந்தால் ஆலயம் தொடரலாம், இல்லையென்றால் மூடி விற்றுவிட வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். விடுமுறை வீடாக மாற்ற லண்டன்காரர் ஒருவர் ஏற்கெனவே வந்து ஜன்னல்களை அளந்துவிட்டுப் போயிருந்தார். இன்று மதியம் சபைக் கமிட்டி கூடி முடிவெடுக்கப் போகிறது.

கூரையைப் பார்க்க யாரைக் கூப்பிடலாம் என்ற பேச்சு வந்தபோது, “போதகரம்மா தம்பி கூரைக்காரன்தானே, அவனையே பார்க்கச் சொல்லுங்க, நம்ம பையன்” என்று சொன்னதே ட்ரெம்பாத்தான். நம்ம பையன்!

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம்,” என்றான் டென்சில். “நான் சொல்றேன். நீ வாயைத் திறக்காம உக்காந்திரு, அது போதும். அந்தக் கிழவன் இந்தக் கட்டடத்துலதான் உயிரை வச்சிருக்கான். தினமும் காலையில வந்து கதவைத் தொட்டுட்டுப் போறான், பாத்திருக்கியா?”

“பாத்திருக்கேன்.”

“அம்மா என் வீட்டுல பதினஞ்சு வருஷமா இருக்காங்க. பஸ்ல இருபது நிமிஷம். ஒருநாள் இந்த ஊர்ல காலை வச்சாங்களா?”

“டென்சில், பாஸ்கோ பாட்டி எனக்காகக் காத்துட்டிருப்பாங்க. வீட்டுக்குப் போய்த் திருவிருந்து கொடுக்கணும்.”

அவள் காரை நோக்கி நடந்தாள். பின்னாலிருந்து அவன் சிரிப்பது கேட்டது.

“வேண்டாம்னு நீ சொல்லலையே அக்கா!”

சொல்லவில்லைதான்.

*

தெர்ஸா பாஸ்கோ படுக்கையை விட்டு எழுந்து வெகுநாள் ஆகிறது. ஆனால் அவள் காதும் வாயும் இன்னும் எழுந்து ஊர் சுற்றிக்கொண்டிருந்தன.

“கூரை எப்படி இருக்காம்?” என்றாள், கெரென்சா கோட்டைக் கழற்றுவதற்குள்.

“கமிட்டியில சொல்லுவான் பாட்டி.”

“உன் மூஞ்சியைப் பாத்தா நல்லா இல்லைன்னு தெரியுது.”

கெரென்சா சின்னப் பெட்டியைத் திறந்து, விரலளவு கண்ணாடிக் குவளைகளை எடுத்து வைத்தாள். ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்தாள். ஒவ்வொரு வாரமும் செய்கிற வேலை. பாட்டியின் பூனையைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடுவதும் அதில் சேர்த்தி. கை தானாகச் செய்தது. ஜெபமும் தானாக வந்தது, பரமண்டல ஜெபத்தில் குற்றம் செய்தவர்களை மன்னிக்கிற இடம் வரும் வரைக்கும். அங்கே உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த வரியிலிருந்து மறுபடி குரல் வந்தது.

பாட்டி ஒரு கண்ணைத் திறந்தாள்.

“ஒரு வரியை முழுங்கிட்டியேம்மா.”

“தொண்டை கட்டியிருக்கு.”

“அந்த ஒரு வரிக்கு மட்டுமா?”

கெரென்சாவுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. குவளையைப் பாட்டியின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். ஒரு துளி சிந்தவில்லை. தன் கை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்று அவளே பார்த்தாள். அப்பாவின் விரல்கள் இதே குவளையைப் பிடிக்கப் போராடியிருக்கும். பார்த்துக்கொண்டு முதல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

“யார்மேல கோபமோ, போய்ச் சண்டை போட்டுத் தீர்த்துக்கோ,” என்றாள் பாட்டி. “உள்ளயே வச்சுட்டு எனக்கு ரொட்டி பிட்டுக் கொடுக்காதே. தொண்டையில நிக்குது.”

*

ஆலயத்தை ஒட்டிய ஞாயிறு பள்ளி அறையில் வாராந்திரத் தேநீர்க் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மழைக்கோட்டு வாடையும் குங்குமப்பூ பன் வாசனையும் கலந்து அடித்தன. பெரிய தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஹெஸ்டர் நின்று ஊற்றிக்கொண்டிருந்தாள். ட்ரெம்பாத்தின் ஒரே மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்கன் வாசிப்பவள். அப்பா வேண்டாம் என்று சொன்ன அயர்லாந்துக் கத்தோலிக்க மீனவன் டெக்லனைக் கட்டிக்கொண்டவள். மாப்பிள்ளை சாகும் வரைக்கும் ட்ரெம்பாத் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

கெரென்சா மேசை மேசையாகப் போனாள். ஒருத்திக்கு முழங்கால் ஆபரேஷன். ஒருத்தரின் பேரன் கப்பல் வேலைக்குப் போகிறான். இன்னொருத்தி அடுத்த மாத அறுவடைப் பண்டிகைக்குப் பூசணி கொண்டுவரலாமா, போன தடவை மாதிரி அது உருண்டு விழுமா என்று கவலைப்பட்டாள். எல்லாவற்றையும் கேட்டு, எல்லார் கையையும் பிடித்து, எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, கடைசி மேசைக்கு வந்தாள்.

அங்கே ட்ரெம்பாத் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பத்துமூன்று வயதில் தோள் கொஞ்சமும் தொங்கவில்லை. வெள்ளை மீசை. துலக்கிய பூட்ஸ்.

“உக்காரும்மா. நீயே ஊத்து, நீ ஊத்தினா ருசி.”

அவள் தேநீர்க் கெண்டியை எடுத்து அவர் கோப்பையில் ஊற்றினாள். அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசைகளுக்கும் கேட்கும்படி சொன்னார்:

“நிதானமான கை. உங்கப்பா மாதிரி இல்ல நீ. நல்ல மனுஷன்தான், பாவம். அந்த ஒரு பழக்கம்தான் கெடுத்துச்சு.”

 யாரோ தேக்கரண்டியைக் கீழே போட்டார்கள்.

“என்ன பழக்கம் மூப்பரே?” என்றாள் கெரென்சா.

“விடும்மா. செத்தவங்களைப் பத்தி நாம ஏன் பேசணும்? நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்.”

பாத்திரத்துக்குப் பின்னால் ஹெஸ்டர் கரண்டியை ‘ணங்’ என்று வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்தவர் கோப்பையை நீட்டியதும் குனிந்துகொண்டாள்.

மன்னிச்சுட்டாராம்!

கெரென்சா கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். “பன் எடுத்துக்கோங்க மூப்பரே,” என்றாள். வெளியே வந்து ஆலயத்தின் பின்சுவரோரம் நின்று, டென்சிலுக்குப் போன் போட்டாள்.

“நீ சொன்னபடியே சொல்லு.”

“நிஜமாவா?”

“ஒரு கைமரம் விடாம உளுத்துப்போச்சுன்னு சொல்லு.”

*

கமிட்டி ஆலயத்துக்குள்ளேயே கூடியது. ஒன்பது பேர் முன்வரிசைப் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஹெஸ்டர் வழக்கம்போல ஆர்கன் முன்னாலிருந்த முக்காலியில். கெரென்சா தலைமை தாங்க, திருவிருந்து மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அவள் ஆரம்ப ஜெபம் செய்தாள். மிகச் சின்ன ஜெபம்.

டென்சில் எழுந்தான். தொழில்காரன் குரலில், பதற்றமில்லாமல் பேசினான்.

“மேல இருக்கிற ஸ்லேட் ஓடு பரவாயில்லை. கீழதான் விஷயம். ஓட்டைத் தாங்குற கைமரம் எல்லாம் உளுத்துப்போச்சு. கையை வச்சா மாவு மாதிரி உதிருது. இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு நல்ல புயல் அடிச்சா, நீங்க பாட்டுப் பாடிட்டிருக்கும்போதே தலைமேல வந்துடும். சரிபண்றதுக்குப் பதிலா புதுசாவே கட்டிடலாம்.”

 ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள்.

ட்ரெம்பாத் எழுந்தார். எழும்போது முதல்முறையாக அவருக்கு முன்பெஞ்சின் பிடி தேவைப்பட்டது.

“எனக்கு ஞானஸ்நானம் இங்கதான். கல்யாணம் இங்கதான். என் பொண்டாட்டி லவ்டேயோட சவப்பெட்டியை இந்த இடத்துலதான் வச்சோம்.” அவர் குரல் உடைந்தது. “போதகரம்மா, நீங்க மேலிடத்துல ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. ஒரு வருஷம் அவகாசம் வாங்கிக் கொடுங்க. நான் உங்ககிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு வார்த்தை.”

இந்த நிமிடத்தைத்தான் கெரென்சா எத்தனையோ முறை மனசுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். படிக்கும் காலத்திலும், முதல் சபையிலும், அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய நாட்களிலும். வந்தேவிட்டது. அவள் அவசரப்படவில்லை.

“என் அப்பாவும் இதே இடத்துல நின்னுதான் ஒரு வார்த்தை கேட்டார் மூப்பரே. டாக்டரைப் பாத்துட்டு வர அவகாசம் கொடுங்கன்னார். நான் அந்தத் தூண்கிட்ட நின்னுட்டிருந்தேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?”

“அது வேற விஷயம்மா. அவர் குடி…”

“அவருக்கு நடுக்குவாதம்!”

அவள் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பிரசங்கத்தில்கூட அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“கடைசியில சொந்தப் பேரைக்கூடச் சொல்ல வாய் வரலை அவருக்கு. வாழ்நாள்ல ஒரு மடக்கு பியர் குடிச்சதில்லை. நீங்க தெரியாம சொன்னீங்க, பிடிவாதக்காரர், அவ்வளவுதான்னு இத்தனை வருஷமா நானும் என் மனசைத் தேத்தியிருக்கேன். ஆனா இன்னைக்குக் காலையில, எங்கப்பாவை மன்னிச்சுட்டேன்னு…”

“தெரியாமயா?”

குரல் ஆர்கன் பக்கத்திலிருந்து வந்தது. ஹெஸ்டர் எழுந்து நின்றிருந்தாள்.

“ஹெஸ்டர், உக்காரு,” என்றார் ட்ரெம்பாத்.

“இல்லப்பா. உக்காந்து உக்காந்துதான் இப்படி ஆச்சு.” அவள் கெரென்சாவைப் பார்த்தாள். “எங்கம்மா இந்த ஊர் நர்ஸ். உங்கப்பா கையைப் பாத்த அன்னைக்கே வீட்டுல வந்து சொன்னாங்க, அது குடி இல்லை, வியாதி, தன்னோட அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சுன்னு. அன்னைக்கு அம்மாவைப் பாக்க வந்த நான் அடுப்படியில நின்னு கேட்டேன். அப்பா சாப்பிட்டுட்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கலை. ‘எனக்குத் தெரியும், நீ வாயை மூடு’ன்னார்.”

மற்ற எல்லாரும் ட்ரெம்பாத்தைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

“ஏன்?” என்றாள் கெரென்சா. 

“எனக்கும் டெக்லனுக்கும் கல்யாணம் பண்ணிவச்சது யாருன்னு நினைக்கிறீங்க?” ஹெஸ்டர் அழுதுகொண்டே சிரித்தாள். “எந்தக் கோயில்லயும் எங்களுக்குக் கதவைத் திறக்கலை. உங்கப்பாதான் திறந்தார். எங்கப்பா வந்து மிரட்டினார். ‘உங்க பொண்ணு வயசுக்கு வந்தவ’ன்னு சொல்லிட்டு உங்கப்பா என் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனார். அதுக்குத்தான். எங்களை விட்டுட்டு, குடின்னு சொல்லி அவரை அடிச்சார்.”

கெரென்சா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இத்தனை வருடமாக அவள் வெறுத்தது ஒரு முட்டாள் மனிதனை. எதிரே நிற்பவர் முட்டாள் இல்லை. தெரிந்தே செய்தவர். ஒரு நோயாளியின் கையைக் காட்டிக் கூட்டத்தைத் திரட்டியவர். காலையில் டென்சிலிடம் போனில் சொன்னது இப்போது அவளுக்குச் சின்னப்பிள்ளை வேலையாகத் தெரிந்தது. ஆலயத்தை மூடினால் என்ன ஆகும்? கிழவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம், ‘பாவம், கோயிலை இழந்துட்டார்’ என்று கேக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒரே மாதத்தில் தியாகி ஆகிவிடுவார்.

கூடாது.

அவள் எழுந்தாள்.

“கூரை நல்லா இருக்கு.”

டென்சில் திடுக்கிட்டுத் திரும்பினான். “அக்கா!”

“ஒரு கைமரமும் உளுக்கலை. என் தம்பி பொய் சொன்னான். நான் சொல்லச் சொன்னேன், அதனால சொன்னான். மேலிடத்துக்கு இதை நானே சொல்லுவேன், அவங்க என்னை என்ன செய்யணுமோ செய்யட்டும். வேற ஆளை வச்சும் கூரையைப் பாத்துக்கோங்க. ஆனா இந்த ஆலயம் மூடாது.”

“அக்கா, என்ன பேசுறே நீ? என் பொழைப்பு…”

“உக்காரு டென்சில்.” அவள் ட்ரெம்பாத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “மூப்பரே, நீங்க கேட்ட வார்த்தையைக் கொடுத்துட்டேன். இனி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க உங்க முதல் பெஞ்சுல உக்காருவீங்க. எங்கப்பாவோட மேடையில நான் நிப்பேன். ஜெபத்துல அவர் பேரைச் சொல்லுவேன், ஹெட்லி நான்ஸ்னு, முழுப்பேரும். ஏன் சொல்றேன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். முடிச்சதும் நீங்க ஆமென் சொல்லணும். கடைசி பெஞ்சுக்குக் கேக்கிற மாதிரி. ஒரு வாரம் நீங்க வரலைன்னா, அப்பமும் ரசமும் எடுத்துட்டு உங்க வீட்டுக்கு வருவேன். வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுக்கிறது என் வேலை. அங்கயும் அந்தப் பேரைச் சொல்லுவேன்.”

அவள் பேசி முடித்ததும்தான் டென்சில் அங்கே இல்லை என்பதைக் கவனித்தாள். கதவு திறந்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

“ஓட்டெடுக்கலாம்,” என்றாள். “ஆலயம் தொடரணும்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க.”

கைகள் எழுந்தன. தயங்கி ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஒருவருடையதைத் தவிர எல்லாமும். ஹெஸ்டரின் கை எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது.

“மூடணும்னு நினைக்கிறவங்க?”

ட்ரெம்பாத் கையைத் தூக்கினார்.

தினமும் வந்து அந்தக் கதவைத் தொட்டுவிட்டுப் போகிறவர். மூடச் சொல்லித் தூக்கிய ஒரே கை அவருடையது. கெரென்சா அந்தக் கையை வேண்டுமளவு பார்த்தாள். அவளுக்குள் ஒரு சூடான, இனிப்பான ஏதோ ஒன்று பரவியது. அது ஜெபத்தில் வருகிற ஆறுதல் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதை அவள் அடக்கவில்லை.

“ஒரு ஓட்டு,” என்றாள். “கையை இறக்கலாம் மூப்பரே.”

அவர் இறக்கினார். மகளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். ஹெஸ்டர் வழிவிடவில்லை. சுற்றிக்கொண்டு போனார்.

*

முடிவு ஜெபத்துக்குக் கெரென்சா கண்ணை மூடியபோதுதான் தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. ஏதோ சரசரவென்று சரிந்துவந்து, வெளியே கல்தரையில் விழுந்து நொறுங்கியது.

“காத்தா?” என்றார் ஒருவர்.

காற்றே இல்லை. இன்னொன்று சரிந்தது. பிறகு சுத்தியல் சத்தம், கனமாக, கூரையையே அதிரவைத்து.

கெரென்சா வெளியே ஓடினாள். வாசலுக்கு நாலடி தள்ளி ட்ரெம்பாத் அண்ணாந்து பார்த்தபடி உறைந்து நின்றார். அவர் பூட்ஸைச் சுற்றிலும் ஸ்லேட் ஓட்டுச் சில்லுகள். அவள் அவர் கோட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக நீண்டுவிட்டது.

கூரையின் நடுமுகட்டில் டென்சில் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான். ஓடுகளை உடைத்த இடத்தில் கடப்பாரையை விட்டு, கீழே இருந்த மரத்தை நெம்பிக்கொண்டிருந்தான். அது உறுதியான மரம். லேசில் அசைய மறுத்து முனகியது.

“டென்சில்! இறங்குடா! பைத்தியமா உனக்கு?”

“நீ கிழவனைப் பழிவாங்கிட்டே, உனக்கு ஆச்சு!” மேலிருந்து அவன் கத்தினான். “அதுக்கு என்னைப் பொய்யன் ஆக்கினியே அக்கா, ஊருக்கு முன்னாடி! இனிமே எவன் என்னை நம்பி வீட்டு மேல ஏத்துவான்?”

“நான் பேசுறேன்டா, எல்லார்கிட்டயும் நான் பேசுறேன். இறங்கு!”

“நீ பேசினது போதும்!”

மேற்கே கடல்மேல் மழை கறுத்து நின்றது. அவன் அதைத் திரும்பிப் பார்த்தான். கடப்பாரையை மறுபடி உள்ளே விட்டு, முழு உடம்பையும் அதன்மேல் போட்டான். மரம் பிளந்த சத்தம் துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“இப்போ போய்ச் சொல்லு உன் கமிட்டிகிட்ட,” என்றான் டென்சில், மூச்சிரைக்க. “கூரை கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னது நிஜம்தான்னு.”